ஓட்டையை அடைக்கிறேன் என்று வளவை மூடிவிடாதீர்கள்

செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் ஒரு வீட்டை லேசர் ஸ்கேன் செய்து, கிடைத்த பாயிண்ட் கிளவுடை, அதாவது வீட்டின் வடிவைக் காட்டும் புள்ளிக் கூட்டத்தை, புள்ளி விழாத ஓட்டைகளை அடைக்க மென்பொருளில் போட்டோம். வளவின், அதாவது வீட்டு நடுக்கட்டின், திறந்த முற்றத்துக்கு மேல் பலூன் மாதிரி ஒரு கூரை முளைத்திருந்தது. எட்டிப் பார்த்த ஆச்சி, “ஏப்பா, மழை பேஞ்சா தண்ணி எங்க விழும்?” என்றார்.

முதல் தவறு அதுதான்: இடைவெளி எல்லாமே பழுது என்று நினைப்பது. புள்ளிகளிலிருந்து பரப்பை உருவாக்க 2006இல் வந்த பாய்சான் முறை, புள்ளி இல்லாத இடத்திலும் பரப்பை இழுத்து மூடிவிடும். அதன் சுபாவம் அப்படி. புள்ளி அடர்த்தி குறைந்த பகுதிகளைப் பிறகு நாம்தான் வெட்டியெறிய வேண்டும்.

நார்மல் திசைகளை (ஒவ்வொரு புள்ளியிலும் பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை) சரிபார்க்காமல் அடைக்க உட்காருவதும் வம்பு. கதவுப் பலகையின் இரு முகங்களும் நெருக்கமாக இருப்பதால் திசை புரண்டுவிடும். ஸ்கேனர் நின்ற இடத்தை நோக்கித் திருப்பிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

பட்டாலையில், அதாவது கூடத்தில், முகம் பார்க்கும் பெல்ஜியம் கண்ணாடி தொங்கினால், கதிர் அதில் எதிரொளித்து, சுவருக்குப் பின்னால் இல்லாத அறை ஒன்று தெரியும். அந்தப் புள்ளிகளை முதலில் அழியுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில், சாய்வாகப் படும் கதிர் திரும்பாமல் ஓட்டை விழும். அங்கே தட்டையாக நிரப்பினால் போதும்.

நிலைக்கதவின் சிற்பத்தில் அது செல்லாது. ஓட்டையில் வைக்கும் வழவழப்பான ஒட்டு, கிளியின் மூக்கைக் குழைத்த மாவாக்கிவிடும். 2004இல் ஷார்ஃப், அலெக்சா, கோஹன்-ஓர் என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழி, அதே உருவத்தில் ஒத்த பகுதியைத் தேடி நகலெடுப்பது. நிலையின் இடப்பக்கக் கிளியை வலப்பக்கத்துக்குப் பிரதிபலித்து வைத்தோம். புள்ளிகளைத் திருப்பியவன் நார்மல்களைத் திருப்ப மறந்தேன். கிளியின் பக்கவாட்டு முகங்கள் உள்வெளியாக நின்றன. அதோடு, கையால் செதுக்கிய இரண்டு கிளிகள் அச்சாக ஒன்றாக இருக்குமா? விளிம்பில் கொஞ்சம் வளைத்துத்தான் பொருத்த முடிந்தது. ஒட்டின் புள்ளி அடர்த்தியும் அக்கம்பக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

புள்ளியின் அளவைப் பெரிதாக்கி ஓட்டையை மறைப்பவர்களும் உண்டு. திரையில் மறையும், கோப்பில் அப்படியே இருக்கும்.

நிரப்பிய புள்ளிகளுக்குத் கோப்பில் தனி நெடுவரிசையில் 1 என்று குறியுங்கள், மற்றவற்றுக்கு 0. நாங்கள் 1க்குச் சிவப்புக் கொடுத்துப் பார்த்தபோது நிலையின் தலைப்பாகம் முழுக்கச் சிவந்தது. அங்கே ஸ்கேனரே எட்டவில்லை. மறுவாரம் ஒரு ஏணியோடு போனோம்.