இப்ப என்னங்க படிக்கறீங்க? புத்தகம் சொல்லவும் மாற்றிக்கொள்ளவும் ஒரு வழிமுறை

"நல்ல புத்தகங்க, படிச்சுப் பாருங்க" என்று சொன்னால் அது பரிந்துரை ஆகாது. கேட்டவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கொங்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இங்கே யாரும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். "ஆகட்டுங்க, படிக்கலாமுங்க" என்று வாங்கிப் போவார்கள். புத்தகம் டிவி ஸ்டாண்டு மேலே ஆறு மாதம் கிடக்கும். அதனால் புத்தகம் சொல்வதில் முக்கால் வேலை, யாருக்கு எது ஆகும் என்று கண்டுபிடிப்பதுதான். மீதிக் கால் வேலை, கொடுத்த புத்தகம் திரும்பி வரும்படி பார்த்துக்கொள்வது.

ஆளும் நேரமும்

புத்தகம் பேச மாதாமாதம் கூடும் வாசிப்பு வட்டத்துக்கு ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 40 நிமிடம் ஆகும். அதற்கு மேல் முக்கால் மணி நேரம் பொதுப் பேச்சு, பத்து நிமிடம் புத்தகம் மாற்றல். பதினைந்து பேர் சேர்ந்துவிட்டால் இரண்டு வட்டமாக உட்காருங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மாதம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. காலைப் பொழுது துணி துவைப்பதிலும் கறிக்கடையிலும் போய்விடும். அங்கே மாலை நான்கு மணிதான் சரிப்படும். ஈரோட்டு ஜவுளிக்காரர்கள் வட்டத்தில் இருந்தால் திங்களும் செவ்வாயும் ஆகாது, சந்தை நாள். வைகாசி, ஆவணியில் முகூர்த்த ஞாயிறுகளை காலண்டரில் பார்த்துத் தள்ளிவையுங்கள். பெண்கள் தொடர்ந்து வர வேண்டுமானால் ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும். கூட்டம் எட்டு மணி வரை இழுத்தால் முதலில் நின்றுபோகிறவர்கள் அவர்கள்தான்.

இடத்துக்குக் கிளை நூலகத்தைக் கேட்கலாம், நூலகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பள்ளி வகுப்பறை, யாராவது வீட்டு மொட்டை மாடி எதுவும் ஆகும். பேக்கரி மட்டும் வேண்டாம். டீ வரும், வடை வரும், புத்தகம் வராது.

படித்துக்கொண்டிருப்பதைச் சொல்வது

முடித்த புத்தகத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று விதி வைக்காதீர்கள். பாதியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிய பேச்சில்தான் உயிர் இருக்கும். முடித்தபின் எல்லோரும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். பாதியில் இருக்கிறவர் என்ன நடக்குமோ என்ற ஆவலோடு பேசுவார்.

ஐந்து நிமிடத்தில் வர வேண்டியவை இவை. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், மொத்தப் பக்கம், நீங்கள் இருக்கும் பக்கம். எதைப் பற்றியது என்று இரண்டே வாக்கியம். நடை எப்படி, வேகமா, மெதுவா, வட்டார வழக்கா. யாருக்குப் பிடிக்கும். இதைவிட முக்கியம், யாருக்குப் பிடிக்காது. கடைசியாக ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். அரைப்பக்கம் போதும், முதல் நாளே தேர்ந்து பென்சிலால் குறித்து வாருங்கள். அந்த அரைப்பக்கம் செய்வதை அரைமணிப் புகழ்ச்சி செய்யாது.

பதிப்பகமும் பக்கக் கணக்கும் போக, பேசினால் இப்படி இருக்கும்:

"ஆர். சண்முகசுந்தரம் எழுதுன நாகம்மாளுங்க. 1942ல வந்தது. பாதி தாண்டியிருக்கறேன். புருசன் போன பொம்பள ஒருத்தி, கொழுந்தன்கிட்ட நெலத்துல பங்கு கேக்கறா, அதுல இருந்து கெளம்புதுங்க சண்டை. சின்ன நாவல், நாலஞ்சு ராத்திரியில முடிச்சறலாம். பேச்செல்லாம் நம்மூருப் பேச்சு. பங்காளித் தகராறு பாத்தவங்களுக்குச் சுருக்குனு இருக்கும். சந்தோசமான கதை வேணும்னா இது வேண்டாமுங்க."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அது இருந்தால்தான் முன்னால் சொன்னதை நம்பத் தோன்றும். கதையின் முடிவு அதில் இல்லை என்பதையும் பாருங்கள். முதல் கால் பகுதியில் நடப்பதை மட்டும் சொல்லலாம் என்று வட்டத்தில் முடிவு செய்துவிட்டால் "கதையைச் சொல்லிப்போட்டியே" என்ற சண்டை வராது.

பதிப்பகத்தை விடாமல் சொல்லச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டுடைமையான, அதாவது அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, எழுத்தாளர்களின் நூல்களை யாரும் அச்சிடலாம். ஒரே நாவல் பல பதிப்பகங்களில் கிடைக்கும். ஒன்றில் எழுத்து பொடியாக இருக்கும், இன்னொன்றில் பக்கத்துக்கு நாலு பிழை, மற்றொன்றில் சுருக்கப் பதிப்பு என்று உள்ளே சின்னதாகப் போட்டிருப்பார்கள். பெயரை மட்டும் கேட்டு விலை குறைந்ததை வாங்கியவர் அடுத்த மாதம் "என்னங்க, ஒண்ணுமே இல்லையே" என்பார். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும், மூலமொழியிலிருந்து நேராக வந்ததா ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வட்டார நாவலை வெளியூர்க்காரருக்குச் சொல்லும்போது முன்னெச்சரிக்கை தேவை. பொடக்காணியும் (வீட்டுப் பின்புறம்) அப்புச்சியும் (அம்மாவின் அப்பா) நமக்குச் சாதாரணம், தஞ்சாவூர்க்காரருக்கு அப்படி இல்லை. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000ஆம் ஆண்டே வந்திருக்கிறது. அதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

கேட்பது எப்படி

"எனக்கு ஏதாச்சும் நல்ல புத்தகம் சொல்லுங்க" என்று கேட்டால் சொல்கிறவர் தனக்குப் பிடித்ததைத்தான் சொல்வார். உங்களுக்குப் பிடித்த மூன்று, பாதியில் வைத்துவிட்ட ஒன்று, வைத்துவிட்டதற்குக் காரணம், இவ்வளவும் கொடுத்துக் கேளுங்கள். பிடித்த மூன்றைவிட அந்த விட்ட ஒன்றுதான் உங்களைச் சரியாகக் காட்டும். ஒரு நாளில் எவ்வளவு நேரம் படிக்க முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அரைமணி நேரம் படிக்கிறவருக்கு 900 பக்க நாவலைக் கொடுப்பது தண்டனை. அவருக்குச் சிறுகதைத் தொகுப்புதான் ஏற்றது.

சொல்கிறவர் ஒன்று சொல்லலாம், மிஞ்சினால் இரண்டு. பத்துப் பெயர் சொல்கிறவர் தன் படிப்பைக் காட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

பிடிக்காததை எப்படிச் சொல்வது என்பது இங்கே பெரிய சங்கடம். பெரியவர் ஒருவர் ஆசையாகக் கொடுத்தது. வாத்தியாராக வேறு இருப்பார். அவரிடம் "நல்லாயில்லீங்க" என்று எப்படிச் சொல்வது? அதனால் வட்டத்தில் தீர்ப்பு கேட்கக் கூடாது, நின்ற பக்கத்தைக் கேட்க வேண்டும். "62ஆம் பக்கத்துல நின்னுட்டேனுங்க, ஆளுக பேரெல்லாம் கொழம்பிப்போச்சு." இதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. கொடுத்தவர் "அதுக்கு முன்னால ஒரு வம்ச அட்டவணை இருக்குமே, பாக்கலியா?" என்பார். பேச்சு அங்கிருந்து நன்றாகவே போகும்.

சொந்தப் புத்தகம் எழுதியவர்கள் வந்து சேருவார்கள், தவிர்க்க முடியாது. ஒரு முறை, ஐந்து நிமிடம், ஒரே பிரதி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரவல் நோட்டு

இரவல் வேறு, கொடை வேறு. இரண்டையும் ஒரே மேசையில் கலந்து வைத்தால் இரண்டாம் மாதமே மனஸ்தாபம். திரும்ப வேண்டாத புத்தகங்களைத் தனி மேசையில் வையுங்கள். ஒன்று வைத்தால் ஒன்று எடுக்கலாம், விலைக் கணக்குப் பார்ப்பதில்லை. 150 ரூபாய்ப் புத்தகத்தை வைத்து 700 ரூபாய்ப் புத்தகத்தை எடுத்தார் என்று புகார் வந்தால், அந்த 700 ரூபாய்ப் புத்தகம் இரவல் மேசையில் இருந்திருக்க வேண்டியது என்று அர்த்தம்.

இரவலுக்கு ஒரு நீள நோட்டு. உடையவர், எடுப்பவர், தலைப்பு, எடுத்த தேதி, தர வேண்டிய தேதி, புத்தகத்தின் நிலை என்று ஆறு கட்டம். நிலை என்ற கட்டத்தை எல்லோரும் காலியாக விடுவார்கள், விடாதீர்கள். "பின் அட்டை மூலை மடிந்தது" என்று எழுதியிருந்தால் பிறகு பேச்சு இல்லை. உடையவர் பெயரைப் பென்சிலில் முதல் பக்கத்திலும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு உள்பக்கத்திலும், உதாரணமாக 51இல், எழுதிவைக்கலாம். பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் டேக் அட்டை கிடைத்தால் நல்ல அடையாள அட்டை ஆகும்: ஒரு பக்கம் உடையவர் பெயர், மறுபக்கம் திருப்பித் தரும் தேதி, நூல் ஏற்கெனவே கோத்திருக்கும்.

300 பக்கம் வரை ஒரு மாதம், அதற்கு மேல் இரண்டு மாதம். ஒருவர் கையில் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான். எடுத்தவர் இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. புத்தகம் காணாமல் போவது பெரும்பாலும் மூன்றாம் கையில்தான். தேதி தாண்டினால் கேட்க வேண்டியவர் நோட்டு வைத்திருப்பவர், உடையவர் அல்ல. உடையவர் கேட்டால் உறவு கெடும். தொலைந்தால் அதே பதிப்பை வாங்கித் தர வேண்டும், அச்சில் இல்லையென்றால் உடையவர் கேட்கும் வேறொன்று.

அட்டை போடப் பழைய மாதக் காலண்டர் தாள் போல ஒன்று வராது. நாலு பக்கமும் மூன்று விரல் அகலம் விட்டு வெட்டி மடியுங்கள். பசையோ டேப்போ புத்தகத்தில் படக் கூடாது. முதுகை மேலிருந்து பாருங்கள்: தாள்கள் மடித்துச் சேர்த்த கட்டுக்கட்டாகத் தெரிந்தால் தைத்தது, ஒற்றைத் தாள்களாகத் தெரிந்தால் பசை மட்டும். பசைக் கட்டுப் புத்தகத்தைப் படக்கென்று விரித்தால் நடுவில் பிளந்துவிடும். முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாறி மாறிப் பிரித்து, உள்மடிப்பை விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். பிளந்துபோனால் செலோ டேப் ஒட்டாதீர்கள். கொஞ்ச நாளில் மஞ்சளாகிக் கறை இறங்கும். தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கி, முதுகில் ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, காகிதம் சுற்றிய ஒரு செங்கல்லை மேலே வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். அதிகம் தடவினால் பக்கங்களுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

பிடிஎஃப் அனுப்புவதை வட்டத்தில் அறவே விலக்குங்கள். எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் நட்டம் என்பது ஒரு பக்கம். முந்நூறு கோப்பு சேர்ந்தபின் யாரும் ஒன்றையும் படிப்பதில்லை என்பது இன்னொரு பக்கம். பழைய இலக்கியம் வேண்டுமானால் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்க 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் முறையாகவே கிடைக்கிறது.

வாங்குவதும் அனுப்புவதும்

கோவையில் கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழா பெரும்பாலும் ஜூலையில் வரும். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் புத்தகத் திருவிழா ஆகஸ்ட்டை ஒட்டி. இரண்டுக்கும் முந்தைய கூட்டத்தில் நோட்டை எடுத்து, யாரிடம் எது இல்லை என்று பார்த்துப் பட்டியல் போடுங்கள். எட்டுப் பேரும் ஒரே நாவலை வாங்கி வந்தால் மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. விலை கூடிய தொகுப்புகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். திருவிழாவில் வழக்கமான கழிவு பத்து சதவீதம்; வண்டிச் செலவு போட்டு ஒரே ஒரு புத்தகத்துக்காகப் போனால் கட்டுபடி ஆகாது.

வெளியூர் நண்பருக்கு அனுப்ப, அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற புத்தக அஞ்சல் சேவை இருக்கிறது. தொடங்கும்போது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. இப்போதைய கட்டணத்தைக் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தரை வழியாகப் போவதால் மெதுவாகத்தான் சேரும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும்; வார மாத இதழ்கள் இந்தக் கட்டணத்தில் போகாது. கட்டும்போது முதலில் பாலிதீன் உறை, பிறகு புத்தகத்தைவிட அரை விரல் பெரிதாக வெட்டிய அட்டை மேலும் கீழும், அதன்மேல் பழுப்புத் தாள். அடி வாங்குவது எப்போதும் மூலைகள்தான். முகவரியை உள்ளேயும் ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள், மேல்தாள் கிழிந்தாலும் புத்தகம் ஊர் போய்ச் சேரும்.