மலை லாட்ஜில் பாட்டிலும் ஈரத்துணியும்: கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த ஊரில் தங்கினாலும் லாட்ஜ் ரிசப்ஷனில் குரல் உயர்வது பெரும்பாலும் இரண்டு விஷயத்துக்காகத்தான். அறையில் குடிக்கக் கூடாது என்று வந்து இறங்கிய பிறகு சொல்வார்கள். துவைக்கக் கொடுத்த துணி கிளம்புகிற அன்று ஈரமாகத் திரும்பி வரும். இரண்டுக்கும் கட்டணத்தைப் பார்த்தால் பகல் கொள்ளை போலத் தெரியும். ஆனால் பல விதிகளுக்குப் பின்னால் இருப்பது மலையின் ஈரமும் காடும்தான். அது புரிந்தால் எதைக் கேட்க வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

அட்வான்ஸ் போடும் முன்

போனில் கேட்டால் "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பார்கள். அந்தப் பதிலை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் கையில் இருக்கும். இப்படி அனுப்பினால் போதும்:

"அண்ணே, நாலு பேர் வர்றோம். ரூமுக்குள்ள டிரிங்க்ஸ் அனுமதி உண்டா? வெளியில வாங்கிட்டு வரலாமா, அதுக்குத் தனியா சார்ஜ் இருக்கா? போர்வை கறையானா எவ்வளவு பிடிப்பீங்க? லாண்டரி உண்டா, டிரையர் இருக்கா, கொடியில காயப்போடுறதா? ஹீட்டர் வாடகை எவ்வளவு?"

போர்வைக் கேள்விதான் பலர் விட்டுவிடுவது. குடித்துவிட்டு வாந்தி எடுத்தாலோ ஒயினைக் கொட்டினாலோ பெரிய தொகை பிடிக்கிறார்கள் என்பது பொதுவான புகார். கனமான பஞ்சுப் போர்வையை மழைக்காலத்தில் துவைத்தால் மூன்று நாளானாலும் உள்ளே ஈரம் போகாது. அதுவரை அந்தப் படுக்கைக்கு மாற்றுப் போர்வை வேண்டும். இல்லையென்றால் அறையை வாடகைக்கு விட முடியாது. தொகை நியாயமா என்று வாதாடலாம், ஆனால் காரணம் பொய்யில்லை. உள்ளே நுழைந்ததும் போர்வை, தலையணை, கார்பெட் மூன்றையும் போன் வெளிச்சத்தில் படம் எடுத்து அதே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பழைய கறைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்காது.

ஹோம்ஸ்டேக்களில் குடும்பம் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும். அங்கே "அனுமதி இல்லை" என்றால் இல்லைதான். ஒளித்து வைத்துக் குடித்து மாட்டிக்கொண்டால் அட்வான்ஸும் போகும். இரவும் கெடும். அறையில் குடிக்க விடும் இடமும் வேண்டும், மனைவி மக்களோடு நிம்மதியாகத் தூங்கும் இடமும் வேண்டும் என்றால் உரிமம் பெற்ற பார் உள்ள ஓட்டலையே எடுப்பது நல்லது. ஹோம்ஸ்டே மது விற்க முடியாது. யாராவது "நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம்" என்றால் அது கள்ளத்தனமாக வருவது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில்: எங்கே வாங்குவது, எப்படிக் கொண்டுபோவது

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். 21 வயது நிரம்பாதவருக்கு விற்பனை கிடையாது. காட்டோர ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. கடை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் யானை நிற்கும்.

குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி ஆகிய நாட்களில் கடை கிடையாது. பொங்கல் விடுமுறையில் வருபவர்கள் திருவள்ளுவர் தினத்தை மறந்துவிட்டு மூடிய ஷட்டர் முன்னால் நிற்பது வருடா வருடம் நடக்கிறது.

கர்நாடகச் சரக்கும் கேரளச் சரக்கும் கொண்டுவர வேண்டாம். மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக வந்தால் கக்கநல்லா சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். கேரளப் பக்கம் நாடுகாணி, பாட்டவயல் போன்ற சாவடிகளிலும் அப்படியே. வெளிமாநில மதுவை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது வழக்காகும் குற்றம். அங்கே விலை குறைவு என்று மிச்சம் பிடிப்பது வக்கீல் செலவுக்கே காணாது.

அடுத்தது பத்து ரூபாய். நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த ஏற்பாடு இது. காட்டில் உடைத்துப் போட்ட கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் காயம் சீழ் வைத்து அது நடக்க முடியாமல் போகும். கொடைக்கானலிலோ வேறு ஊரிலோ விலையோடு பத்து ரூபாய் சேர்த்து வாங்கினால் அங்கேயும் இதே முறைதான். பாட்டில் உடையாமல் இருக்க வேண்டும், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பது வம்பில்லாதது. அறையில் விட்டுவிட்டுப் போனால் பத்து ரூபாய் ரூம் பையனுக்குப் போகும், அதில் தப்பில்லை. சாலையோரம் எறிவதுதான் தப்பு.

சரக்கு அனுமதிக்கப்பட்டாலும் மிக்ஸிங் பறிபோகும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. நீலகிரி மாவட்டத்துக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானப் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறிலோ, கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனையிலோ சோதனையில் எடுத்துவிடுவார்கள். அலுமினிய கேனில் வரும் சோடா வாங்குங்கள், தண்ணீருக்கு இரண்டு லிட்டர் ஸ்டீல் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்களில் நாணயம் போட்டுப் பிடிக்கும் வாட்டர் ஏடிஎம் இருக்கிறது. டிஸ்போசபிள் கப்பும் வேண்டாம், நாலு எவர்சில்வர் டம்ளர் போதும்.

கடைத்தெருவில் "வீட்டு ஒயின்" என்று நீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை: உரிமம் இல்லாமல் மதுவாகப் புளிக்க வைத்த ஒயினை விற்பது சட்டப்படி குற்றம். பெரும்பாலும் கையில் வருவது சர்க்கரைப் பாகும் எசென்ஸும்தான்.

குடித்த பிறகு

காட்டுக்குள், வியூ பாயிண்டில், நின்ற காருக்குள் என்று எங்கே திறந்தாலும் போலீஸும் வனத்துறையும் பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து மறுநாள் காலைதான். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் அதில் சுமார் 61 கிராம் ஆல்கஹால் இருக்கும். உடம்பு மணிக்கு ஏறத்தாழ 7, 8 கிராம்தான் எரிக்கும். நள்ளிரவு 12 மணிக்கு ஒரே மூச்சில் ஒரு குவார்ட்டரை முடித்தவருக்குக் காலை 7 மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். குளித்தாலும் பிளாக் காபி குடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது. சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். தாண்டினால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காலையில் வண்டி இறக்க வேண்டியவர் இரவு பத்துக்குள் நிறுத்திவிட வேண்டும், அல்லது தொடவே கூடாது. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் இறங்கத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது.

குளிருக்கு ஒரு பெக் என்பது சுத்தப் பொய். சரக்கு தோலின் ரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சூடு ஏறியது போலத் தோன்றும், உண்மையில் உடம்புச் சூடு வெளியேறும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரி இரவில் குடித்துவிட்டு மொட்டை மாடியில் தூங்கிப்போகிற கதை நல்லபடியாக முடியாது.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: பார்பிக்யூ கரியடுப்பை அறைக்குள் எடுத்து வரவே கூடாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. போதையில் தூங்குபவருக்குத் தலைவலியோ மயக்கமோ எழுப்பிவிடாது. ஈரத்துணி காயட்டும் என்று கரிச் சட்டியை உள்ளே வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அதே மரணம்தான்.

துணி

கீழ்நாட்டில் இரண்டு மணி நேரத்தில் காயும் சட்டை இங்கே ஒரு நாள் எடுக்கும். ஜீன்ஸ் மழைக்காலத்தில் இரண்டு, மூன்று நாள். பல மலை லாட்ஜ்களில் ஃபேனே இருக்காது, அதனால் அறைக்குள் போட்டாலும் காற்று ஓடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சி பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் மழை அதிகம். அந்த மாதங்களில் ஜீன்ஸைத் துவைக்கவும் வேண்டாம், லாண்டரிக்குக் கொடுக்கவும் வேண்டாம். சேற்றைக் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

லாண்டரிக்குக் கொடுப்பதானால் வந்த முதல் நாள் காலையிலேயே கொடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் கொடுத்தால் "அவசரக் கட்டணம்" போட்டு, சூட்டில் இஸ்திரி பண்ணி, மேலே காய்ந்து உள்ளே ஈரமாய் மடித்துத் தருவார்கள். உருப்படிக் கணக்கா கிலோ கணக்கா என்று கேளுங்கள். கிலோ என்றால் உலர்ந்த துணியாக, உங்கள் கண் முன்னால் எடை போட வேண்டும். சீட்டில் துணிகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "சட்டை 3" என்று மட்டும் இருந்தால் எந்தச் சட்டை தொலைந்தது என்று நிரூபிக்க முடியாது. சீட்டின் பின்னால் பொடி எழுத்தில், தொலைந்தால் சலவைக் கூலியின் இத்தனை மடங்குக்கு மேல் பொறுப்பில்லை என்று அச்சடித்திருப்பார்கள். பட்டும் விலையுயர்ந்த கம்பளியும் கொடுக்கக் கூடாது என்பதற்கு அந்த ஒரு வரியே போதும்.

அறையிலேயே துவைப்பதற்கு முன்னால் அனுமதி கேளுங்கள். குன்னூரில் கோடையில் குழாய்த் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறைதான் வரும். லாரித் தண்ணீர் வாங்கும் லாட்ஜ்காரர் நீங்கள் நாலு பக்கெட் அலசுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். உள்ளாடை, சாக்ஸ், குழந்தைத் துணி என்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சோப்புத்தூளில்தான் முதல் தவறு நடக்கிறது. மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், ஊரில் போர்வெல் தண்ணீருக்குப் போடும் அளவைப் போட்டால் நுரை அடங்காது. அரை பக்கெட் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போதும். அலசியும் போகாத சோப்பு துணியில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மறுநாள் முடை நாற்றம் அடிப்பது அதனாலும்தான். கடைசி அலசலில் கால் கப் வெள்ளை வினிகர் சேர்த்தால் நாற்றம் குறையும். ஏற்கெனவே நாறிய துணிக்கு சென்ட் அடித்துப் பயனில்லை, வெந்நீரில் மறுபடி துவைக்கத்தான் வேண்டும். பல லாட்ஜ்களில் வெந்நீர் காலையில் சில மணி நேரம்தான் வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழிந்த துணியை விரித்த உலர் துண்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, அதன் மேல் ஏறி அரை நிமிடம் மிதியுங்கள். முறுக்கிப் பிழிவதைவிட அதிகத் தண்ணீர் இதில் வெளியேறும், காயும் நேரமும் நன்றாகக் குறையும். அறையின் துண்டை அல்ல, சொந்தத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

காலை 9 மணிக்குப் பனி விலகியதும் வெளியில் போட்டு, 3 மணிக்கு மூடுபனி இறங்கும் முன் எடுத்துவிடுங்கள். நாலு மீட்டர் நைலான் கயிறும் ஒரு டஜன் கிளிப்பும் கையோடு வேண்டும். துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி, பேன்ட் பாக்கெட் வெளியே இழுத்திருக்க வேண்டும். கிளிப் போடாத துணி குரங்குக்குத்தான். இருட்டிய பிறகு மறந்துபோன துணியை எடுக்கத் தோட்டத்துக்குப் போகாதீர்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அந்த நேரத்தில் காட்டுமாடு வீட்டு வாசல் வரை வரும். கோத்தகிரியில் கரடியும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பகல் வெயில் நன்றாகக் காயும், ஆனால் இரவில் வெளியே விட்டால் உறைபனியில் துணி அட்டை போல விறைத்துவிடும்.

குளியலறையில் தொங்கவிடுவது வீண், வெந்நீர் ஆவி மறுபடி ஈரமாக்கும். ஹீட்டர் எடுத்தால் துணியை அதன் மேல் போடாமல் மூன்றடி தள்ளி நாற்காலியில் விரித்து, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் வெளியேறிய ஈரம் போர்வையில் போய் உட்காரும். தூங்கும்போது அணைத்துவிடுங்கள். ஸ்வெட்டரைத் தொங்கவிடக் கூடாது, கழுத்து இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். துண்டின் மேல் படுக்கையாக விரிக்க வேண்டும். தோடர் எம்பிராய்டரி சால்வை வாங்கியிருந்தால் சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்து, சாயம் வரவில்லை என்றால் மட்டும் குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள்.

சிவப்பு ஒயின் கொட்டினால் தேய்க்காதீர்கள், டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, உப்பு தூவிப் பத்து நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சோப்பு. கறை போகும் முன் இஸ்திரிப் பெட்டி பட்டால் அது அங்கேயே நிலைத்துவிடும்.

கிளம்பும் நாளில் ஈரத்துணி மிச்சம் இருந்தால் பாலித்தீன் பையில் கட்டி சூட்கேஸுக்குள் திணிக்காதீர்கள். சாயங்காலத்துக்குள் மற்ற துணிக்கும் வாடை ஏறிவிடும். துணிப் பையில் தளர்வாக வைத்து வண்டியின் பின் இருக்கையில் போடுங்கள். மேட்டுப்பாளையத்திலோ வத்தலகுண்டிலோ சாப்பிட நிறுத்தும்போது கார்க் கதவின் மேல் விரித்துப் போட்டால், சாப்பாடு முடிவதற்குள் சட்டை காய்ந்துவிடும்.