வாசகர் ஓட்டு விருதுக்குக் கணக்கு காட்டுவது எப்படி: ஹ்யூகோ குளறுபடிகளை முன்வைத்து ஒரு கையேடு

ஹ்யூகோ என்பது உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்களே முதலில் முன்மொழிந்து, பிறகு இறுதிப் பட்டியலுக்கு ஓட்டுப் போட்டுத் தரும் விருது. சீனாவின் செங்டு நகரில் 2023 அக்டோபர் 18 முதல் 22 வரை நடந்த மாநாடு, அந்த ஆண்டின் ஹ்யூகோ விருது ஓட்டுக் கணக்கை 2024 ஜனவரி 20 அன்று வெளியிட்டது. விதி தரும் கெடு 90 நாள். அதன் கடைசி நாள் வரை இழுத்தடித்தார்கள். வந்த கணக்கில் ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் இறுதிப் பட்டியலுக்குப் போதுமான முன்மொழிவுகளைப் பெற்றிருந்தது. பக்கத்தில் ‘தகுதியில்லை’ என்று ஒரு குறிப்பு மட்டும். அதே ஆண்டு, அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் தரும் நெபுலா விருதை வாங்கிய நாவல் அது. புதிய எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருதில் ஷிரான் ஜே ஜாவ், ரசிக எழுத்தாளர் பிரிவில் பால் வைமர், ‘சாண்ட்மேன்’ தொடரின் ஓர் அத்தியாயம் எல்லாவற்றுக்கும் அதே குறிப்பு. விதி எண் இல்லை, காரணம் இல்லை. கேட்டவர்களுக்கு, விதிகளைப் பரிசீலித்து நிர்வாகக் குழு முடிவெடுத்தது என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது.

பிப்ரவரியில் குழுவின் உள் மின்னஞ்சல்கள் வெளியாயின. சீனாவில் அரசியல் சிக்கலாகக் கூடும் என்று நினைத்த விஷயங்களுக்காக, முன்மொழியப்பட்டவர்களைப் பற்றி மேற்கத்திய நிர்வாகிகளே குறிப்பு திரட்டியிருந்தது அவற்றில் தெரிந்தது. அதற்கு முன்பே, ஜனவரி இறுதியில், ஹ்யூகோ வணிகக் குறியைக் காக்கும் அமைப்பிலிருந்து செங்டு ஹ்யூகோ விருதின் தலைமை நிர்வாகி டேவ் மெக்கார்ட்டி விலகியிருந்தார். சிலருக்குக் கண்டனமும் பதிவானது. விருதின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

வாசகர் விருது நடத்த நினைக்கும் எந்தக் குழுவுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது ரகசியமாக இருக்க வேண்டும். நிர்வாகி எடுத்த ஒவ்வொரு முடிவும் வெளியே தெரிய வேண்டும். செங்டுவில் இந்த இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

ஓட்டு திறக்கும் முன்

விதிகளை எண்ணிட்டு எழுதுங்கள். 3.2.1, 3.2.2 என்று ஒவ்வொரு விதிக்கும் தனி எண் வேண்டும். பிறகு ஒரு நூலை நீக்கும்போது சுட்டிக் காட்ட அந்த எண்தான் உதவும். எந்தத் தேதிக்குள் வெளியானது கணக்கில் வரும், மொழிபெயர்ப்பு எந்த ஆண்டில் சேரும், தொடராக வந்து பிறகு நூலானது எப்போது தகுதி பெறும், நாவலுக்கும் குறுநாவலுக்கும் எத்தனை வார்த்தையில் கோடு என்ற நான்கையும் எழுதாமல் விட்டவர்கள் நடுவில் மாட்டுகிறார்கள். ஹ்யூகோவில் 40,000 வார்த்தையும் அதற்கு மேலும் நாவல். 17,500 முதல் 40,000 வரை குறுநாவல். விளிம்பில் நிற்கும் படைப்பை இடம் மாற்றச் சற்று நெகிழ்வும் உண்டு. அந்த நெகிழ்வும் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

விதியை நடுவில் மாற்றாதீர்கள். ஹ்யூகோ விதித் திருத்தம் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுக் கூட்டங்களில் நிறைவேறினால்தான் செல்லும். மெதுவான முறைதான். ஆனால் ஒரு ஆண்டு மாநாட்டைக் கைப்பற்றியவர்கள் விதியையும் கைப்பற்ற முடியாது.

எண்ணுகிறவர்கள் போட்டியில் இருக்கக் கூடாது. மாநாட்டுக் குழுவினர் விருது பெற முடியாது என்பது ஹ்யூகோவின் விதி. அதிகாரம் முழுவதையும் ஒரு துணைக்குழுவிடம் கொடுத்து, அதன் முடிவைப் பெரிய குழு மாற்ற முடியாதபடி செய்தால் தடை துணைக்குழுவினருக்கு மட்டும். நல்ல ஏற்பாடு, ஒரு ஓட்டையோடு: துணைக்குழு தவறு செய்தால் தட்டிக் கேட்க ஆள் இல்லை. உங்கள் விருதில் வெளியாள் ஒருவரைப் பார்வையாளராக வையுங்கள். அவருக்கு ஓட்டுக் கோப்பைப் படிக்கும் உரிமை போதும். திருத்தும் உரிமை வேண்டாம்.

முன்மொழிவுகளைச் சுத்தம் செய்தல்

அலுப்பான வேலை, தவறு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். தலைப்பைத் தட்டச்சு செய்யும் பெட்டி இருந்தால் ஒரே நூல் ஏழெட்டு எழுத்துக்கூட்டல்களில் வரும். தமிழில் ஒற்று மிகுதல், முன்னெழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் என்று இன்னும் கூடும். மூலக் கோப்பைத் தொடாமல் ‘வந்த வடிவம் – சேர்த்த வடிவம்’ என்று இரண்டு நிரல் கொண்ட தனி அட்டவணை போட்டு, கணினி அதன்வழி சேர்க்கட்டும். மூலத்திலேயே கை வைத்துத் திருத்தினால் யார் எதை எதோடு சேர்த்தார் என்று பின்னால் நிரூபிக்க முடியாது. அட்டவணையை ஒருவர் போட, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

முன்மொழிவு மூடிய அன்றே மூலக் கோப்பை உறையவைத்து, அதன் எஸ்எச்ஏ-256 எண்ணை (கணினி கணக்கிட்டுத் தரும், கோப்பின் கைரேகை போன்றது) எடுத்துப் பொதுவில் போடுங்கள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றாக மாறும் என்பதால் பிறகு யாரும் அறியாமல் கை வைக்க முடியாது. உறையவைக்கும் முன் நடந்ததற்கு இது சாட்சி சொல்லாது, அதற்குத்தான் பார்வையாளர்.

கும்பல் பட்டியலைச் சமாளித்தல்

2015-இல் ‘சேட் பப்பீஸ்’, ‘ரேபிட் பப்பீஸ்’ என்ற இரு அணிகள் ஆயத்தப் பட்டியல் கொடுத்து ஆட்களை அப்படியே முன்மொழிய வைத்தன. சிதறி ஓட்டுப் போடும் பெரும்பான்மையைவிட, ஒரே ஐந்து பெயரை எழுதும் சிறு கூட்டம் பட்டியலை நிரப்பிவிடும். பல பிரிவுகள் அப்படி நிரம்பின. அந்த ஆண்டு இறுதி ஓட்டு 5,950. வாசகர்கள் ஐந்து பிரிவுகளில் ‘விருது இல்லை’ என்பதையே வெல்லவைத்தார்கள்.

மருந்தாக வந்தது ‘ஈ ப்ளூரிபஸ் ஹ்யூகோ’ என்ற எண்ணும் முறை. 2015, 2016 கூட்டங்களில் நிறைவேறி 2017 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு சீட்டில் ஐந்து படைப்புகள் வரை எழுதலாம். இறுதிப் பட்டியலில் ஆறு இடம். ஒரு சீட்டுக்கு ஒரு புள்ளி, அதிலுள்ள படைப்புகளுக்குச் சமமாகப் பிரியும். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த புள்ளி பெற்ற இரண்டை எடுத்து, இரண்டில் குறைவான சீட்டுகளில் இடம்பெற்றதை வெளியேற்ற வேண்டும். வெளியேறியதன் பங்கு அதே சீட்டில் மிஞ்சியவற்றுக்குப் போகும். 200 பேர் ஒரே ஐந்தை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 200 சீட்டு, ஆனால் 40 புள்ளிதான். ஒன்று போனதும் மற்றவை 50 ஆகும், இன்னொன்று போனால் 66.67. கும்பலின் படைப்புகள் ஒன்றையொன்று தின்றுதான் மேலே வர முடியும். ஒன்றிரண்டு உள்ளே வரும், ஐந்தும் வருவது கடினம்.

கணக்கிடும்போது பின்னம் தொல்லை தரும். சீட்டுக்கு 1 புள்ளி என்று வைக்காமல் 60 அலகு என்று வையுங்கள். 5, 4, 3, 2 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். 12, 15, 20, 30, 60 என்று முழு எண்ணாகவே ஓடும். தசமத்தில் விட்டால் சம புள்ளியில் நிற்கும் இரண்டு படைப்புகள் கணினிக்கு மட்டும் வேறாகத் தெரியும், தவறானது வெளியேறும்.

தகுதிநீக்கம்

முதலில் ஒரு கட்டுப்பாடு: பட்டியலுக்கு வரும் வாய்ப்புள்ள முதல் 10 அல்லது 12 படைப்புகளை மட்டும் தகுதிச் சோதனைக்கு எடுங்கள். சோதிப்பவருக்கு ஓட்டு எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். அவர் பார்க்க வேண்டியவை வெளியான தேதி, வார்த்தை எண்ணிக்கை, முன்பு பட்டியலில் வந்ததா என்பவை மட்டுமே. எழுத்தாளரின் அரசியல், பயணம், பேட்டி எதுவும் விதியில் இல்லையென்றால் கோப்பிலும் இருக்கக் கூடாது.

நீக்கும் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு வரி: படைப்பு, பிரிவு, விதி எண், ஆதாரம், முடிவெடுத்தோர், தேதி, படைப்பாளிக்குச் சொன்ன தேதி. விதி எண் நிரல் காலியாக இருந்தால் அந்த நீக்கம் செல்லாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். குவாங்கும் ஜாவும் தாங்கள் நீக்கப்பட்டதைக் கணக்கு வெளியான பிறகே அறிந்தார்கள். முந்தைய ஆண்டுதான் அஸ்டவுண்டிங் பட்டியலில் ஜாவ் இருந்தார். அந்த விருதுக்குத் தகுதிக்காலம் இரண்டு ஆண்டு. படைப்பாளியிடம் முதலிலேயே ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால், காரணம் இல்லாதது அங்கேயே தெரிந்திருக்கும். நீக்கும் முன் மூன்று நாள் அவகாசம் கொடுத்துப் பதில் கேளுங்கள். பாதி வழக்குகளில் நீங்கள் பார்த்த தேதிதான் தவறாக இருக்கும்.

மூன்று வகைகளைக் கலக்காதீர்கள்: விதிப்படி தகுதியில்லை; படைப்பாளி தானே விலகினார்; ஓட்டு போதவில்லை. விலகியவரை ‘தகுதியில்லை’ என்று போட்டால் வதந்தி கிளம்பும்.

எப்போது வெளியிடுவது? இறுதிப் பட்டியலோடு, அதே நாளில். அடுத்த ஆண்டு கிளாஸ்கோ மாநாடு இதைத்தான் செய்தது. சந்தேகம் தீர்க்க இன்னும் ஓட்டு நடக்காத நேரம் அது, தவறென்றால் திருத்தலாம். விருது கொடுத்து மூன்று மாதம் கழித்துக் காரணம் சொன்னாலும் சாக்குப்போக்காகவே கேட்கும்.

உள்ளூர்ச் சட்டமோ இடம் தருபவரோ ஒரு நூலை ஏற்க முடியாது என்றால்? அதையும் விதியாக முன்பே எழுதுங்கள், அல்லது விருதை அந்த இடத்தில் நடத்தாதீர்கள். வேறு காரணம் ஒட்டிவைப்பதைவிட இரண்டுமே மேல்.

இறுதி ஓட்டு

1, 2, 3 என்று விருப்ப வரிசை. முதல் விருப்பத்தில் பாதிக்கு மேல் யாருக்கும் இல்லையென்றால் கடைசியில் நிற்பதை நீக்கி, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்ற வேண்டும். இலங்கை வாசகர்கள் 2024 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்ப எண்ணிக்கையைப் பார்த்தார்கள். அங்கே முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் ஒரேயடியாக விலக்கப்படுவார்கள், ஹ்யூகோவில் ஒவ்வொருவராக.

‘விருது இல்லை’ என்பதும் ஒரு போட்டியாளர். இந்தியப் பொதுத்தேர்தல் நோட்டா போல அலங்காரம் அல்ல, இது வெல்லவும் செய்யும். வென்ற படைப்போடு இதை நேருக்கு நேர் வைத்து இன்னொரு சோதனையும் உண்டு: படைப்பைவிட ‘விருது இல்லை’யை மேலே வைத்த சீட்டுகள் அதிகமானால் விருது கிடையாது. பல குழுக்கள் இந்தச் சோதனையை மறந்துவிடுகின்றன. இரண்டாம் இடத்துக்கு, வென்றதைச் சீட்டுகளிலிருந்து எடுத்துவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டும். கடைசிச் சுற்றில் தோற்றது இரண்டாமிடம் என்று எடுத்துக்கொள்வது பிழை.

கள்ள ஓட்டு

2024 ஜூலையில் கிளாஸ்கோ குழு, வந்த 3,813 ஓட்டில் 377-ஐச் செல்லாது என்று அறிவித்தது. ஒரு எழுத்து மட்டும் அகரவரிசையில் மாறிக்கொண்டே போகும் குடும்பப் பெயர்கள், அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பாக அமைந்த பெயர்கள் என்று அடையாளத்தையும் சொன்னது. ஒருவர் பலருக்கு உறுப்பினர் கட்டணத்தைக் கொடுத்து, சொன்னபடி ஓட்டுப் போட்டதை உறுதிசெய்தபின் திருப்பித் தந்ததாகத் தகவல் வந்ததையும் சொன்னது. பலன் பெற இருந்தவரின் பெயரைச் சொல்லவில்லை; அவருக்குத் தெரிந்து நடந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதால். எண்ணிக்கை, முறை, தேதி பொதுவில், பெயர் உள்ளே. இந்த அளவைப் பின்பற்றலாம்.

உங்கள் தரப்பில் பார்க்க வேண்டியவை: ஒரே மணி நேரத்தில் குவியும் பதிவுகள், ஒரே அட்டையில் பல கட்டணம், ஒரு பிரிவில் மட்டும் ஒரே பெயருக்கு ஓட்டுப் போட்டு மற்றதைக் காலியாக விட்ட சீட்டுகள். இதில் ஒன்று மட்டும் போதாது. ஒரு குடும்பம் ஒரே அட்டையில் கட்டுவது சகஜம். இரண்டு அடையாளமாவது சேர்ந்தால்தான் நீக்குங்கள்.

காசு கொடுப்பவருக்குச் சாட்சி வேண்டும். ஆகவே ஓட்டு விவரத்தோடு ரசீது அனுப்பாதீர்கள். ‘பதிவானது’ என்று மட்டும் சொல்லுங்கள். கெடு வரை ஓட்டை மாற்ற விடுங்கள், திரைப்பிடிப்பு மதிப்பிழக்கும். முழுச் சீட்டுகளைப் பெயர் நீக்கி வெளியிடுவதும் ஆபத்து: கீழ் வரிசை விருப்பங்களை ஒரு குறியீடு போல அடுக்கச் சொன்னால், வாங்கியவர் தன் சீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். சுற்றுவாரிக் கணக்கு போதும்.

வெளியிடும் முன் நீங்களே போட வேண்டிய சோதனை

முன்மொழிவு அட்டவணையில் எந்தப் படைப்பின் புள்ளியும் அதன் சீட்டு எண்ணிக்கையைத் தாண்டாது, அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழும் போகாது. சுற்றுக்குச் சுற்று புள்ளி ஏறும் அல்லது நிற்கும், இறங்கினால் பிழை. மிஞ்சியவற்றின் மொத்தப் புள்ளி, உயிரோடுள்ள (ஒரு படைப்பாவது மிஞ்சியிருக்கும்) சீட்டு எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இறுதி ஓட்டில் ஒவ்வொரு சுற்றிலும் எல்லோர் ஓட்டும், அடுத்த விருப்பம் இல்லாமல் தீர்ந்த சீட்டும் கூட்டினால் தொடக்க எண்ணிக்கை வர வேண்டும்.

கடைசியாக, முன்மொழிவுகளை இறங்குவரிசையில் வரைபடமாக்குங்கள். வழக்கமாகச் சரிவு மெல்ல இறங்கும். செங்டு கணக்கில் பல பிரிவுகளில் மேலே சில படைப்புகள் பெரும் எண்ணிக்கையில் நின்று, அடுத்த இடத்தில் செங்குத்தாக விழுந்தது. அப்படி ஒரு வீழ்ச்சி வந்தால் கும்பல் ஓட்டா, சேர்த்தலில் தவறா, கோப்பு பாதியில் அறுந்ததா என்று நீங்களே தேடி, கண்டதைக் கணக்கோடு எழுதுங்கள். மற்றவர்கள் எப்படியும் வரைவார்கள்.

விழா முடிந்த இரவே கணக்கு வெளியே வரட்டும். படமாகவோ அச்சுப்பக்கமாகவோ இல்லாமல் சிஎஸ்வி (கணினி அட்டவணையாகத் திறக்கும்) கோப்பாகப் போடுங்கள்; பிறர் கூட்டிப் பார்க்க அதுதான் வசதி. பிழை தெரிய வந்தால் பழைய கோப்பை எடுக்காதீர்கள். ‘பதிப்பு 2’ என்று புதிதாகப் போட்டு, எந்த வரி, எந்த எண், ஏன் மாறியது என்று மேலே எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.