காப்பீட்டு அட்டை பீரோவில் தூங்க வேண்டாம்

மேலூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு ஒருநாள் ராத்திரி நெஞ்சுவலி. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடிந்ததும் பெரியம்மாவின் வளையலை அடகு வைத்து முன்பணம் கட்டினோம். பீரோவுக்குள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பது மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. கொண்டுபோய்க் காட்டினால், அந்த ஆஸ்பத்திரி திட்டத்திலேயே இல்லை. கட்டிய பணம் கட்டியதுதான்.

அட்டை இருந்தால் எங்கும் செல்லும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான் அது செல்லும். சேர்க்கும்போதே அட்டையைக் காட்டி, காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வாங்கச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் இன்றைக்கே கேட்டு, காலண்டரில் எழுதி மாட்டிவிடுங்கள்.

இந்தத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை என்றதும் எல்லாச் செலவும் அதில் அடங்கும் என்று நம்புகிறவர்கள் பலர். அது ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உச்சவரம்பு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியே தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கு கிளினிக்கில் ஊசி போட்டால் அதற்கு அட்டை உதவாது.

கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கிய பிள்ளைகள் அப்பாவின் அட்டையை நம்பி இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்த் தங்கள் குடும்பத்துக்குத் தனியாகப் பதிந்துகொள்ளலாம்.

"அதான் அட்டை இருக்கே, பெரியாஸ்பத்திரிக்கு ஏன் போகணும்?" என்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையைப் பற்றி ஒரு பக்கம் பேசுகிறார்கள். "காப்பீட்டுக்குக் கொடுக்கிற காசை அரசு ஆஸ்பத்திரிக்கே கொடுக்கலாமே" என்று இன்னொரு பக்கம். இரண்டாவது கேள்வி நியாயமானது, ஏனென்றால் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கிய நாளிலிருந்தே இதில் தனியார் மருத்துவமனைகளுக்கும் அரசுப் பணம் போகிறது. ஆனால் பெரியாஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினால் அந்தத் தொகை பெரியாஸ்பத்திரிக்கே வரும். எப்படியும் இலவசம்தானே என்று அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருவது, ராமநாதபுரம், சிவகங்கையிலிருந்தெல்லாம் நம்பி வருகிற ஓர் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணத்தை விட்டுவிடுவது. தயவுசெய்து அங்கேயும் காட்டுங்கள்.

சொந்தக் காசில் பாலிசி எடுப்பவர்கள் செய்கிற தவறு வேறு மாதிரி. சர்க்கரை, பிரஷர் இருப்பதைச் சொன்னால் பிரீமியம் ஏறும் என்று மறைத்துவிடுகிறார்கள், சில ஏஜெண்டுகளே அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 3 ஆண்டுதான். உண்மையைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த நோய்க்கும் பணம் கேட்கலாம். மறைத்தால் பாலிசியே ரத்தாகலாம்.

அப்புறம் அறை வாடகை. பலர் படிக்காமல் விடுகிற வரி இது. பாலிசியில் ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 8,000 ரூபாய் ஏசி அறை எடுத்தால், கூடுதல் 4,000 மட்டும் நம் கையிலிருந்து போகும் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. வரம்பு அறை வாடகையில் பாதிதான் என்பதால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியைத்தான் தருவார்கள். மருந்து, பரிசோதனை போன்ற செலவுகளில் இப்படிக் கை வைக்க முடியாது. அறை வாடகையில் ஆயிரங்களாகத் தெரிகிற வித்தியாசம், பில் வரும்போது லட்சத்தைத் தொட்டுவிடும். அட்மிஷன் மேசையில் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கிளெய்மை மறுத்தால், சரி, போகட்டும் என்று விட்டுவிட வேண்டாம். மறுப்பைக் காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.