இருவருக்கான முதல் கப்பல் பயணம்: படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் முறை

உல்லாசக் கப்பலில் முதன்முறையாகப் போக விரும்பும் தம்பதியரில் பலர், நீச்சல் குளமும் நீர்ச்சறுக்குகளும் நிறைந்த ஒரு கப்பலின் படத்தைப் பார்த்து மயங்கி, அது எங்கே போகிறது, எத்தனை நாள் போகிறது என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் என் மனைவியும் எங்கள் முதல் பயணத்தை அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். கப்பலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஏழு இரவுகளில் ஆறு துறைமுகங்கள் என்று அமைந்த அந்தப் பயணத்தில், தினமும் விடியலில் எழுந்து, வரிசையில் நின்று இறங்கி, மாலையில் களைத்துத் திரும்பியதில், இருவரும் நிதானமாக உட்கார்ந்து பேசிய நேரம் மிகக் குறைவு. அதன் பிறகு தேர்வு செய்யும் வரிசையையே மாற்றிக்கொண்டோம்: முதலில் நாள்கள், பிறகு வழித்தடம், அதற்கடுத்துக் கப்பல், பிறகு அறை, செலவுக் கணக்கு அதற்கும் பிறகு. அதே வரிசையில் இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: பகல் எப்படிக் கழிய வேண்டும் என்று பேசுங்கள்

எந்த இணையதளத்தையும் திறப்பதற்கு முன்னால், இருவரும் தனித்தனித் தாளில், இந்தப் பயணத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒருவர் "பழைய நகரத்துத் தெருக்களில் நடப்பது" என்றும் மற்றவர் "பால்கனியில் புத்தகத்தோடு சாய்ந்திருப்பது" என்றும் எழுதினால் கவலைப்பட வேண்டாம்; கப்பல் பயணத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் எதற்கு எத்தனை நாள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். துறைமுகம் எதிலும் நிற்காமல் முழு நாளும் கடலிலேயே செல்லும் நாளைக் கடல் நாள் என்கிறார்கள். நெருக்கத்தை நாடிப் போகிற இருவருக்கு அந்தக் கடல் நாள்கள்தாம் பயணத்தின் உயிர் என்பது என் கருத்து. ஏழு இரவுப் பயணமானால் குறைந்தது இரண்டு கடல் நாள்களாவது இருக்கும்படி பாருங்கள்.

இரண்டாம் படி: இரவுகளின் எண்ணிக்கை

மூன்று இரவுப் பயணம் என்பது மூன்று முழு நாள் பயணம் அல்ல. ஏறும் நாளில் பதிவு, பாதுகாப்புப் பயிற்சி, பெட்டிகளுக்கான காத்திருப்பு என்று மாலை வந்துவிடும். கடைசி நாளில் காலை உணவு முடிந்த கையோடு இறங்க வேண்டியிருக்கும்; பெரிய பெட்டிகளையோ முந்தைய இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஆக, மூன்று இரவுப் பயணத்தில் கையில் நிற்பவை இரண்டே முழு நாள்கள். இத்தகைய குறுகிய பயணங்களில் நண்பர் குழுக்களும் இரவுக் கொண்டாட்டங்களும் அதிகமாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கடல் நமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க நான்கு அல்லது ஐந்து இரவுகள் போதும். மனம் ஆற அமர இருக்க ஏழு இரவுகள் வேண்டும்.

மூன்றாம் படி: வழித்தடமும் பருவமும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதலில் பருவத்தைப் பாருங்கள். கரீபியக் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருந்தாலும், அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. அந்த மாதங்களில் கட்டணம் குறைந்திருந்தாலும் வழித்தடம் கடைசி நேரத்தில் மாறக்கூடும். அலாஸ்கா பயணங்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான். மத்தியதரைக் கடலுக்குப் போக மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் ஆகியவை ஏற்ற மாதங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயிலோடு கூட்டமும் உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறைக் காலங்களில் கப்பலில் குழந்தைகளின் எண்ணிக்கை பெருகும் என்பதால், அமைதியை விரும்புபவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.

கடல் ஆட்டத்தை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஆற்றுப் பயணம் என்றொரு நல்ல வழி இருக்கிறது. எகிப்தில் லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே நைல் நதியில் மூன்று அல்லது நான்கு இரவுகளில் போகும் பயணமோ, ஐரோப்பாவில் டான்யூப், ரைன் நதிகளில் ஒரு வாரம் போகும் பயணமோ, கரையைக் கண்ணிலிருந்து மறைய விடுவதே இல்லை; ஆட்டமும் அனேகமாக இருக்காது. கடலிலேயே போக வேண்டும், ஆனால் அலை குறைவாக இருக்க வேண்டும் என்றால், தீவுகளின் மறைவில் செல்லும் அலாஸ்காவின் உள்கடல் வழியும், நார்வேயின் மலையிடுக்குக் கடற்கால்வாய்களும் ஏற்றவை.

அடுத்து, பயண அட்டவணையை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஒரு வரியில் "ரோம், காலை 7 முதல் மாலை 7 வரை" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் ரோமுக்குப் போவதில்லை. சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் நிற்கிறது. இறங்கி வெளியே வர முக்கால் மணி நேரம், நகரத்துக்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரம், கப்பல் புறப்படுவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஏறிவிட வேண்டும் என்ற விதி, ஆக 12 மணி நேரம் என்று எழுதியிருப்பது நகரத்தில் ஏழு மணி நேரமாகச் சுருங்குகிறது. பாரிஸ் என்று குறிப்பிடப்படுவது லெ ஆவ்ர் துறைமுகம். அங்கிருந்து பாரிஸ் சுமார் 200 கிலோமீட்டர். புளோரன்ஸ் என்றால் லிவோர்னோ அல்லது லா ஸ்பெசியா. துறைமுகத்தின் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து, வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சில இடங்களில் கப்பல் கரையைத் தொடாமல் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகளில் பயணிகளை ஏற்றிச் செல்வார்கள். இதை டெண்டர் என்பார்கள். கிரேக்கத்தின் சாண்டோரினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. படகில் பழைய துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து செங்குத்தான பாறைச் சுவரின் உச்சியில் இருக்கும் ஃபிரா நகரத்துக்குக் கம்பிவட ஊர்தியில் ஏற வேண்டும், அல்லது ஏறத்தாழ 600 படிகளை நடந்து கடக்க வேண்டும். நான்கைந்து கப்பல்கள் ஒரே நாளில் வந்து நின்றால், சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கப் போனவர்கள் ஊர்திக்கான வரிசையிலேயே அஸ்தமனத்தைக் கழிக்க நேரிடும். அதனால், எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்தில் எத்தனை கப்பல்கள் நிற்கும் என்று காட்டும் துறைமுக அட்டவணைகளை இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கப்பல் இரவு பத்து மணி வரையோ மறுநாள் வரையோ நிற்கும் துறைமுகம் ஒன்று அட்டவணையில் இருந்தால், அந்தப் பயணத்துக்கு என் மனத்தில் தனி மதிப்பு உண்டு; பகல் கூட்டம் கலைந்த பிறகு அந்த ஊரில் இருவரும் கைகோத்து நடப்பதற்கு ஈடு இல்லை.

நான்காம் படி: கப்பலின் அளவு

2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 5,610 பேர் தங்கலாம். ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்களிலோ பெரும்பாலும் 200 பேருக்குள்தான் இருப்பார்கள். பெரிய கப்பலில் நாடக அரங்கு, பனிச்சறுக்குத் தளம், பற்பல உணவகங்கள் என்று பொழுதுபோக்குக்குக் குறைவிருக்காது. சிறிய கப்பலில் அமைதியும் முகம் தெரிந்த பணியாளர்களும் கிடைப்பார்கள். கப்பல் நெரிசலாக இருக்குமா என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. கப்பலின் மொத்தக் கொள்ளளவு டன்னை (gross tonnage; இது எடை அல்ல, கப்பலின் உள்ளிடத்தின் அளவு) பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை 30-க்குக் கீழே வந்தால் பொது இடங்களில் நெரிசலை எதிர்பார்க்கலாம். 40-க்கு மேலே வந்தால் தாராளமாக இருக்கும்.

குழந்தைகளே இல்லாத சூழல் வேண்டுமென்றால், 18 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே ஏற்றும் வைக்கிங், வர்ஜின் வாயேஜஸ் போன்ற நிறுவனங்களும் இருக்கின்றன. மற்றக் கப்பல்களிலும் பெரியவர்களுக்கு மட்டுமான மேல்தளப் பகுதி பெரும்பாலும் இருக்கும். அது இலவசமா, தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அறை

அறைகள் பொதுவாக நான்கு வகை: சன்னல் இல்லாத உள்ளறை, சன்னல் உள்ள அறை, பால்கனி அறை, சூட் (suite) எனப்படும் பெரிய சொகுசு அறை. தினமும் துறைமுகத்தில் இறங்கும் பயணத்துக்குச் சன்னல் அறையே போதும். கடல் நாள்கள் உள்ள பயணமானால், வேறு எதைக் குறைத்தாவது பால்கனி எடுக்கச் சொல்வேன். ஆயிரக்கணக்கானோர் இருக்கும் கப்பலில் உங்கள் இருவருக்கு மட்டுமே சொந்தமான கடல் அந்தப் பால்கனியில்தான் இருக்கிறது. மிகப் பெரிய கப்பல்கள் சிலவற்றில், கடலைப் பார்க்காமல் கப்பலின் நடுவிலுள்ள பூங்காவையோ நடைபாதையையோ பார்க்கும் பால்கனிகளும் உண்டு. "பார்வை மறைக்கப்பட்டது" என்ற குறிப்பு இருந்தால், பெரும்பாலும் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும்.

அறை இருக்கும் இடம் அறையின் வகைக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. கப்பல் முன்னும் பின்னுமாக ஊசலாடும்போது நடுப்பகுதியும் கீழ்த்தளங்களும் குறைவாக அசையும் என்பதால், தலைசுற்றல் வருமோ என்று அஞ்சுபவர்கள் அங்கேயே எடுக்க வேண்டும். எங்கள் இரண்டாம் பயணத்தில், உயரத்தில் இருக்கிறதே என்று மகிழ்ந்து ஓர் அறையை எடுத்தோம். அது நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தளத்தைக் கழுவி, சாய்வு நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து வரிசைப்படுத்தும் கரகரப்பு, தலைக்கு மேலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்ந்து போகும். ஏழு நாளும் அந்த ஓசையில்தான் விழித்தோம். அன்றிலிருந்து தள வரைபடத்தைத் திறந்து, அறைக்கு மேலே உள்ள தளத்தையும் கீழே உள்ள தளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் முன்பதிவு செய்வதில்லை. மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே உணவகமோ உடற்பயிற்சிக் கூடமோ, கீழே அரங்கமோ இரவு விடுதியோ இருந்தால் வேறு அறை பாருங்கள். அறை எண்ணைப் பின்னர் ஒதுக்குவோம் என்ற நிபந்தனையோடு வரும் மலிவுக் கட்டணத்தில் இந்தத் தெரிவெல்லாம் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பதையும் பாருங்கள். தெற்கு நோக்கிச் செல்லும் பாதையில் வலப்புற அறைகளுக்கு மேற்கு வானம், அதாவது அஸ்தமனம் கிடைக்கும். வடக்கு நோக்கிச் சென்றால் அது இடப்புறத்துக்கு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணங்களில் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இன்னொன்று: பல அறைகளில் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துத்தான் இரட்டைக் கட்டிலாக்குகிறார்கள். சேர்த்துப் போடும்படி முன்பதிவிலேயே குறித்துவிடுங்கள்.

ஆறாம் படி: கட்டணத்தில் எது அடங்கும்

விளம்பரத்தில் காணும் கட்டணம் பெரும்பாலும் அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒரு நபருக்கானது. அறை, பொது உணவகம், பஃபே, மாலை நிகழ்ச்சிகள் ஆகியவை பொதுவாக இதில் அடங்கும். மதுபானம், சிறப்பு உணவகங்கள், வைஃபை, ஸ்பா, கரைச் சுற்றுலா ஆகியவை பல நிறுவனங்களில் தனி. பணியாளர்களுக்கான டிப்ஸை ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே சேர்ப்பவர்கள் உண்டு. எனவே இரண்டு பயணங்களை ஒப்பிடும்போது, துறைமுக வரி, டிப்ஸ், நீங்கள் உண்மையாகவே பயன்படுத்தப்போகும் சேவைகள் எல்லாவற்றையும் கூட்டி, இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிடுங்கள். பானங்களுக்கான தொகுப்பை, ஒரு நாளில் எத்தனை குடிப்பீர்கள் என்று எண்ணிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இரவு உணவுக்கு இருவர் மட்டும் அமரும் மேசை வேண்டும் என்று முன்பதிவிலேயே கேளுங்கள். அத்தகைய மேசைகள் குறைவு. கேட்காவிட்டால் எட்டுப் பேர் அமரும் மேசையில் சேர்த்துவிடக்கூடும்.

ஏழாம் படி: ஆவணங்களும் காப்பீடும்

பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லும்படியான பாஸ்போர்ட் இருப்பது பாதுகாப்பு. பயணச்சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்பவர்கள் இதில் தவறிவிடுகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படுபவர்கள், கிரேக்கத்திலிருந்து துருக்கிக்குப் போய் மீண்டும் கிரேக்கத்துக்கு வரும் பயணமானால், பலமுறை நுழையும் விசா எடுக்க வேண்டும். காப்பீட்டில், கப்பலிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுசெல்லும் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். இறுதித் தவணைக்கான நாளையும், ரத்து செய்தால் எந்த நாள் வரை எவ்வளவு திரும்பும் என்பதையும் நாட்காட்டியில் குறியுங்கள்.

எட்டாம் படி: புறப்படும் நாள்

விமானத்தில் போய் ஏறுவதானால், முந்தைய நாளே துறைமுக நகரத்தை அடைந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மருந்து, பாஸ்போர்ட், நீச்சல் உடை, மாலைக்கான ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். கடல் நோய்க்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எடுத்துக்கொண்டால்தான் பயன் தரும். நடுக்கடலில் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் வலையில் இணைந்து பெருங்கட்டணம் ஏறாதபடி, ஏறியதுமே அதை விமானப் பயன்முறைக்கு (airplane mode) மாற்றுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சி அனைவருக்கும் கட்டாயம். அதை ஏறியவுடனே முடித்துவிட்டு, கப்பல் புறப்படுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது பின்பக்கத் திறந்த தளத்துக்குப் போங்கள். பெரும்பாலோர் அந்த நேரத்தில் குளத்தருகே நடக்கும் இசை நிகழ்ச்சியில் இருப்பார்கள் என்பதால் பின்புறக் கம்பியருகே இடம் இருக்கும். கட்டியிருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து விழுவதையும், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே நீர்ப்பட்டை மெல்ல அகல்வதையும் இருவரும் அங்கிருந்து பார்க்கலாம்.