பாட்டி ‘ஏன்ஷியன்ட்’ ஆன கதை: ஆங்கிலச் சொல் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் வரியில் ‘ஓல்ட்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே ‘ஏன்ஷியன்ட்’ என்று போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், “ஓல்ட் ரொம்ப சாதாரண வேர்டு சார்” என்றாள். ஏன்ஷியன்ட் கோயிலுக்குப் பொருந்தும், நாகரிகத்துக்குப் பொருந்தும். பாட்டிக்கு? தமிழில் பழைய சோறு என்கிறோம், பழைய பாட்டி என்போமா?

எளிய சொல்லை எடுத்துவிட்டுப் பெரிய சொல்லை வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ‘யூஸ்’ போதுமான இடத்தில் ‘யூட்டிலைஸ்’ வந்து உட்காரும். வாக்கியம் கனக்குமே தவிர, தெளியாது.

இதற்கெல்லாம் காரணம் பெரும்பாலும் சொல் நோட்டுதான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ப் பொருள். ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூன்றுக்கும் ‘பார்’. ‘சே’, ‘டெல்’ இரண்டுக்கும் ‘சொல்’. அப்புறம் பிள்ளை ‘ஹி செட் மீ’ என்று எழுதாமல் என்ன செய்யும்? ‘டெல்’ வந்தால் யாரிடம் என்பது ஒட்டியே வரும்: ‘ஹி டோல்ட் மீ’. ‘சே’க்கு நடுவில் ஒரு ‘டு’ வேண்டும். மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், சிலர் போடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘டேக்’. மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’, டீயும் ‘ஸ்ட்ராங்’. இதற்கு விதி ஒன்றும் கிடையாது, பழக்கம்தான். அதனால் நோட்டில் சொல்லை மட்டும் தனியாக எழுத வேண்டாம். ‘டேக் எ டேப்லட்’ என்று கூட வரும் சொல்லோடு எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சொல்லின் மற்ற வடிவங்களை விட்டுவிடுவது. ‘சக்சஸ்’ தெரிந்தவன் ‘ஐ வில் சக்சஸ்’ என்கிறான். ‘சக்சீட்’, ‘சக்சஸ்ஃபுல்’ இரண்டையும் அன்றே சேர்த்துப் படித்திருந்தால் இந்தத் தவறு வராது.

சரி, எந்தச் சொற்களைப் படிப்பது? போட்டித் தேர்வுக்கான அரிய சொற்பட்டியலைப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுப்பது வீண் வேலை. வங்காளத்தில் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், அதிகம் புழங்கும் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்களை 1953இல் பட்டியலாக வெளியிட்டார். உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதன் மற்ற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்தார். முதலாவதில் பாதியையாவது பிழையின்றி எழுத வந்த பிறகு இரண்டாவதைத் தொடலாம்.

ஒரே ராத்திரியில் ஐம்பது சொல் உருப்போடுவதும் நிற்காது. பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து காட்டிவிட்டார். ஐந்து சொல் போதும். ஆனால் மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று அவற்றை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

பாட்டி கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, “பாட்டிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லாதே, எனக்குக் காட்டு” என்றேன். மறுநாள் இப்படி வந்தது: ‘மை கிராண்ட்மதர் இஸ் எய்ட்டி ஒன். ஷி ஸ்டில் த்ரெட்ஸ் ஹெர் ஓன் நீடில்.’ ‘த்ரெட்’ என்றால் நூல் என்று அவளுக்கு முன்பே தெரியும். ஊசியில் கோப்பதற்கும் அதே சொல்தான் என்பதை அன்றைக்குத்தான் அகராதியில் பார்த்தாளாம்.