கொரியப் போரில் இந்தியா: எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

கொரியப் போரில் இந்தியாவின் பங்கு என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துவிடுவார்கள். அணிசேராக் கொள்கை என்று சொல்லி நேரு ஒதுங்கிக்கொண்டார் என்பது ஒரு கோஷ்டி, போரையே இந்தியாதான் நிறுத்தியது என்று மார்தட்டுவது இன்னொன்று. இரண்டையும் நம்பாதீர்கள்.

ஒதுங்கியது என்பதே முதலில் தப்பு. 1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை தெற்கே நுழைந்ததும் அதைக் கண்டித்த ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. அமெரிக்கத் தலைமையில் கூட்டுப்படை அமைக்கும் தீர்மானம் ஜூலை 7 அன்று வந்தபோதுதான் வாக்களிக்காமல் நின்றது. அப்புறம் அனுப்பியது சண்டைப் படையை அல்ல, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை. மருத்துவப் பிரிவுதானே என்று லேசாக எண்ணவும் கூடாது. வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டு ஐ.நா. படைகள் எல்லாம் பின்வாங்கியபோது, கொண்டுவந்த கருவிகளைப் போட்டுவிட்டு வர மனமில்லாமல், யாரோ கைவிட்டுப் போன நீராவி எஞ்சினைப் பிடித்து, பெட்டிகளில் சாமான்களை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 1951 மார்ச்சில் முன்சான்-னியில் அமெரிக்கப் பாராசூட் படையோடு சேர்ந்து வானிலிருந்து குதிக்கவும் செய்தார்கள்.

இந்த மருத்துவப் பிரிவையும் 1953-ல் போன இந்தியக் காவல் படையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அடுத்த தவறு, இது ரொம்பப் பரவலானது. காவல் படை போனது போர்நிறுத்தத்துக்குப் பிறகு, மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில். ஊர் திரும்ப மறுத்த போர்க்கைதிகளைக் காப்பது அதன் வேலை, ஐ.நா. தரப்பு ஒப்படைத்தவர்கள் மட்டும் 22,000-க்கு மேல். தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாய் ஒருவனும் தன் மண்ணை மிதிக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி இரு கொரியாக்களுக்கும் நடுவே உள்ள ராணுவமற்ற பகுதியில் நேராக இறக்கினார்கள். அங்கே கைதிகளின் நாட்டு அதிகாரிகள் வந்து "ஊருக்கு வந்துவிடு" என்று எடுத்துச் சொல்ல வேண்டும், நடுநிலை நாட்டுப் பிரதிநிதிகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. பல முகாம்களில் கைதிகள் வெளியே வரவே மறுத்தார்கள். ஒருமுறை சீனக் கைதிகள் இந்திய அதிகாரி ஒருவரை உள்ளே இழுத்துப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். தோரட் சுடச் சொல்லவில்லை, தானே உள்ளே போய்ப் பேசி அவரை மீட்டார். கைதிகள் விவகாரத்தைக் கவனித்த நடுநிலை நாடுகள் ஆணையத்தின் தலைவரான இந்திய ஜெனரல் திம்மையாவை இரு தரப்பும் திட்டின. என்னைக் கேட்டால், இந்தியாவின் உண்மையான பங்கு இந்த நன்றிகெட்ட வேலைதான்.

"1953-ல் போர் முடிந்தது" என்றும் எழுதாதீர்கள். ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே, அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. தென் கொரியா அதில் கையெழுத்தே போடவில்லை! எல்லை 38ஆம் அட்சரேகை என்பதும் பழைய கதை. இப்போதுள்ள கோடு மேற்கே அதற்குத் தெற்கிலும் கிழக்கே வடக்கிலும் போகிறது, அதனால்தான் போருக்கு முன் தெற்கில் இருந்த கேசோங் நகரம் இப்போது வடக்கில் இருக்கிறது. மேற்குக் கடலிலோ ஒப்பந்தம் எந்த எல்லையும் போடவில்லை, 2010-ல் தென் கொரியாவின் இயோன்பியோங் தீவின் மேல் வட கொரியக் குண்டு விழுந்தது அந்தத் தகராறில்தான்.

சரி, இந்தியா போரை நிறுத்தியதா? சீனா போரில் இறங்கும் என்ற சீனப் பிரதமர் சூ என்லாயின் எச்சரிக்கையை 1950 அக்டோபரிலேயே சீனாவில் இருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கர் வழியாக இந்தியா சொல்லிவிட்டது, வாஷிங்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1952 டிசம்பரில் கைதிகள் சிக்கலுக்கு வழி சொன்ன இந்தியத் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது, 1953 ஒப்பந்தத்தில் அதன் சாயல் இருக்கிறது. அவ்வளவுதான் உரிமை கோரலாம். 1954-ல் ஜெனீவாவில் கொரியாவைப் பற்றிப் பேச நாடுகள் கூடியபோது இந்தியாவுக்கு நாற்காலி தரவில்லை, அந்தப் பேச்சும் ஒன்றுமில்லாமல் போனது.

கைதிகள் எல்லோரும் ஏதோ ஒரு கொரியாவுக்கோ, சீனாவுக்கோ, தைவானுக்கோ போய்விட்டார்கள் என்று முடித்துவிடுவதும் சரியில்லை. 88 பேர் எந்தப் பக்கமும் வேண்டாம் என்றார்கள். திரும்பி வந்த காவல் படையோடு கப்பலேறி 1954 பிப்ரவரியில் சென்னையில்தான் வந்து இறங்கினார்கள். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள், ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.